பழைய பிரவுசர் டேப்பில் கிடந்த லிங்க்: தவறான மார்க்கர் வெட்டு மேசைக்குப் போன ஒரு நிகழ்வு

திருப்பூர்ப் பக்கம் ஒரு நடுத்தரப் பின்னலாடை ஏற்றுமதித் தொழிற்சாலையில் நடந்தது இது. பிரவுசரில் இருக்கும் லிங்க்கை அழுத்தினால் அதே கம்ப்யூட்டரில் உள்ள நிரல் திறந்து வேலையைச் செய்யும்படி அங்கே ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தோம். ஏழாவது மாதம் அந்த ஏற்பாட்டின் வழியாகவே பழைய மார்க்கர் ஒன்று அச்சாகி, 480 உருப்படிகளுக்கான துணி தப்பான அளவில் வெட்டுப்பட்டது. நிரலை எழுதிய இருவரில் நான் ஒருவன். இதே மாதிரி ஏற்பாடு செய்பவர்கள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்பதால் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஆட்களின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

ஆடைத் தொழில் தெரியாதவர்களுக்கு மார்க்கர் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு டி-ஷர்ட்டின் முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றையும், தேவையான சைஸ்கள் அனைத்திலும், துணியின் அகலத்துக்குள் வீணில்லாமல் அடுக்கிய வரைபடம்தான் மார்க்கர். கம்ப்யூட்டரில் தயாராகி, பிளாட்டர் என்ற பெரிய அச்சு இயந்திரத்தில் சில மீட்டர் நீளத் தாளாக அச்சாகி வரும். கட்டிங் மேசையில் துணியை 80, 100 அடுக்காக விரித்து, மேலே இந்தத் தாளை வைத்து, கோட்டின் மேலேயே கத்தியை ஓட்டுவார்கள். தாளில் ஒரு சென்டிமீட்டர் தப்பு என்றால் அத்தனை அடுக்கிலும் அதே தப்புதான்.

இந்தத் தொழிற்சாலையில் ஆர்டர் விவரம் எல்லாம் உள் நெட்வொர்க்கில் ஓடும் ஒரு வெப் பக்கத்தில் இருந்தது. அதையும் நாங்கள்தான் முன்பு செய்து கொடுத்திருந்தோம். மார்க்கர் கோப்புகளோ ஒரு பொது ஃபோல்டரில் கிடந்தன. மார்க்கர் தயாராகும் பேட்டர்ன் ரூமில் இருக்கும் ஆப்பரேட்டர், வெப் பக்கத்தில் ஸ்டைல் நம்பரை (ஆடை மாடலின் எண்) பார்த்து, ஃபோல்டருக்குப் போய்த் தேடி, கேட் (CAD) என்ற வரைபட நிரலில் திறக்க வேண்டும். ஒரு ஸ்டைலுக்கு நாலைந்து பதிப்புகள் இருக்கும். ‘புதுசு’, ‘கடைசி’, ‘கடைசி 2’, ‘கை திருத்தம்’ என்று உள் ஃபோல்டர்களின் பெயர்கள் போகும். எது உண்மையிலேயே கடைசி என்பது பேட்டர்ன் மாஸ்டருக்குத்தான் தெரியும். அவர் லீவில் இருக்கும் நாளில் போன் போட்டுக் கேட்பார்கள்.

மேனேஜர் கேட்டது சின்ன விஷயம்தான். “பக்கத்துலயே ஸ்டைல் நம்பர் இருக்குதுல்லீங்க, அதை அமுத்துனா மார்க்கர் திறக்கற மாதிரி பண்ண முடியுமா?”

எந்த வழி, ஏன்

சாதாரணமாக முதலில் தோன்றும் வழி, கோப்பின் இடத்தையே லிங்க்காகப் போடுவது. அது நடக்காது. வெப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டரின் கோப்புகளுக்குப் போகும் லிங்க்குகளைப் பிரவுசர்கள் பாதுகாப்புக்காகத் தடுத்துவிடும்.

இரண்டாவது வழி, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு குட்டி வெப் சர்வரை ஓடவிட்டு, பக்கம் அதனிடம் பேசுவது. எழுதச் சுலபம்தான். ஆனால் 2019 ஜூலையில் மேக் கம்ப்யூட்டர்களில் ஜூம் இப்படி ஒரு சர்வரை வைத்திருந்தது வெளியே வந்தது. ஏதோ ஒரு வெப் பக்கத்தைத் திறந்தாலே கேமராவோடு மீட்டிங்கில் சேர்த்துவிட அதனால் முடிந்தது. ஜூமை நீக்கிய பிறகும் அந்தச் சர்வர் கம்ப்யூட்டரில் தங்கியிருந்தது. கடைசியில் ஆப்பிளே அப்டேட் அனுப்பி அதை அகற்றியது. அந்தச் செய்தியைப் படித்திருந்ததால் இந்த வழியை ஒதுக்கினோம்.

மிச்சம் இருந்தது தனி முன்னொட்டு வழி. மின்னஞ்சல் முகவரியை அழுத்தினால் மெயில் நிரல் திறக்கிறது இல்லையா? அந்த லிங்க் எச்டிடிபி என்று தொடங்காமல் ‘மெயில்டூ’ என்று தொடங்கும். அதே போல நமக்கென்று ஒரு முன்னொட்டை விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பதிந்து, அது வந்தால் எந்த நிரலைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கலாம். முன்னொட்டின் பெயரில் ஒரு சாவி, அதற்குள் ‘யுஆர்எல் புரோட்டோகால்’ என்ற காலி மதிப்பு, கீழே நிரல் இருக்கும் இடம். அவ்வளவுதான். லிங்க்கை அழுத்தியதும் முழு முகவரியும் அந்த நிரலுக்கு ஒரு வாதமாக, அதாவது உள்ளீடாக, போய்ச் சேரும். லினக்ஸிலும் மேக்கிலும் பதியும் இடம் வேறு, அடிப்படை இதேதான்.

கேட் நிரல் வேறொருவருடையது. அதனால் நடுவில் எங்கள் இடை நிரல் ஒன்றை வைத்தோம். லிங்க் வந்தால் அது முகவரியைப் பிரித்து, கோப்பின் இடத்தை எடுத்து, திறக்கச் சொல்லி விண்டோஸிடம் கொடுக்கும். மார்க்கர் கோப்பின் வகைக்குக் கேட் நிரல் ஏற்கெனவே இணைக்கப்பட்டிருந்ததால் அது தானாகத் திறந்துகொள்ளும்.

இங்கே எடுத்த ஒரு முடிவைத் தனியாகச் சொல்ல வேண்டும். லிங்க்குக்குள் என்ன வைப்பது? ஸ்டைல் நம்பரை மட்டும் வைத்தால், எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பு என்று இடை நிரல் சர்வரிடம் கேட்க வேண்டும். கோப்பின் முழு இடத்தையே வைத்துவிட்டால் யாரிடமும் கேட்க வேண்டாம். சர்வருக்குத்தான் பக்கத்தைத் தயாரிக்கும்போதே எல்லாம் தெரியுமே. இரண்டு நாள் வேலை மிச்சம் என்று முழு இடத்தையே வைத்தோம். பின்னால் நடந்ததற்கெல்லாம் விதை இங்கேதான் விழுந்தது.

முதல் மாதங்களில் பார்த்தவை

முதல் வாரமே ஒரு சிக்கல். பாதி லிங்க்குகள் திறந்தன, பாதி ‘கோப்பு இல்லை’ என்றன. திறக்காதவை எல்லாம் தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்கள்.

முகவரிக்குள் தமிழ் எழுத்து அப்படியே பயணிக்காது. எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு (எழுத்தோ, அதோடு சேரும் குறியோ தனித்தனி) 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக மாறும். ஆக ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்து. ‘கை திருத்தம்’ என்ற பெயரில் 11 தமிழ்க் குறியீடுகளும் ஓர் இடைவெளியும் உள்ளன. அது முகவரியில் 102 எழுத்தாக விரியும். விரிவதில் தப்பில்லை. திரும்பச் சுருக்கும்போது யுடிஎஃப்-8 என்று சொல்லாமல் விட்டதுதான் எங்கள் தப்பு. பெயர் முழுக்கக் கேள்விக்குறியாக மாறிப் போயிருந்தது.

அதைச் சரிசெய்த பிறகும் ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் முரண்டு பிடித்தது. அதன் பெயர் ‘தொகுப்பு’. திரையில் பார்த்தால் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்றுதான். பைட் பைட்டாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் வரும் கொம்பும் பின்னால் வரும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, விண்டோஸின் கோப்பு முறைக்கு வேறு வேறு. ஃபோல்டருக்குப் பெயர் வைத்தவர் ஒரு கீபோர்டிலும், சர்வரில் பதிந்தவர் இன்னொரு கீபோர்டிலும் அடித்திருக்கிறார்கள். ஒரு முழுப் பகல் இதிலேயே போனது.

அடுத்தது இரவு ஷிஃப்ட். “ஏனுங்க, லிங்க்க அமுத்துனா ஒண்ணுமே வரலீங்க” என்று இரவு 10 மணிக்கு போன். பகல் ஷிஃப்ட்டும் இரவு ஷிஃப்ட்டும் ஒரே கம்ப்யூட்டரில் வெவ்வேறு லாகின் வைத்திருந்தார்கள். முன்னொட்டைப் பகல் லாகினுக்கு மட்டும் பதிந்திருந்தோம். இதில் கவனிக்க வேண்டியது, பிழை என்று எதுவுமே திரையில் வராது. முன்னொட்டைக் கையாள ஆள் இருக்கிறதா இல்லையா என்று வெப் பக்கத்துக்குப் பிரவுசர் சொல்லாது. எந்த நிரல்கள் இருக்கின்றன என்பதைத் தளங்கள் வேவு பார்க்கக் கூடாது என்பதற்காக அப்படி. ஆகவே எல்லா லாகினுக்கும் பொதுவாகப் பதிந்தோம். லிங்க்கை அழுத்திச் சில விநாடிகள் கழித்து ‘திறக்கவில்லையா? இங்கே பாருங்கள்’ என்று ஒரு வரியும் பக்கத்தில் வரச் செய்தோம்.

மூன்றாவது, அனுமதிப் பெட்டி. ஒவ்வொரு முறையும் ‘இந்த நிரலைத் திறக்கவா?’ என்று குரோம் கேட்டது. ‘எப்போதும் அனுமதி’ என்ற கட்டம், பாதுகாப்பான இணைப்பான எச்டிடிபிஎஸ் பக்கங்களுக்குத்தான் வரும். எங்கள் பக்கம் அப்போது வெறும் எச்டிடிபி. ஒரு நாளைக்கு 60, 70 முறை அந்தப் பெட்டியை அழுத்த வேண்டியிருக்கிறது என்று ஆப்பரேட்டர் சொன்னார். எந்தத் தளத்திலிருந்து வந்தால் எந்த முன்னொட்டைக் கேட்காமல் திறக்கலாம் என்று குரோமுக்கு நிர்வாகக் கொள்கையாக எழுதி வைக்க முடியும். எங்கள் சர்வருக்கு மட்டும் அப்படி எழுதினோம். பெட்டி மறைந்தது, எல்லோருக்கும் சந்தோஷம்.

‘பிளாட்டுக்கு அனுப்பு’

நான்காவது மாதம் புதுக் கோரிக்கை வந்தது. மார்க்கரைத் திறந்து பார்த்து, பிளாட்டுக்கு அனுப்புவதற்குப் பதில், பக்கத்திலிருந்தே நேராக அனுப்ப முடியாதா? பிளாட்டரின் நிரல் ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரைக் கவனித்துக்கொண்டே இருக்கும். அங்கே ஒரு பிளாட் கோப்பை நகலெடுத்துப் போட்டால் உடனே வரையத் தொடங்கிவிடும். இடை நிரலில் இருபது வரி சேர்த்தால் போதும்.

என்னோடு வேலை செய்தவர் தயங்கினார். “திறக்கிறது வேற, அனுப்பறது வேற. திறந்தா மூடிக்கலாம்” என்றார். அவர் சொன்னதன் கனம் எனக்கு அன்று உறைக்கவில்லை. ஷிப்மென்ட் நெருக்கடி, கேட்பவர் வாடிக்கையாளர், வேலையும் சின்னது. செய்து கொடுத்தோம். ஸ்டைல் நம்பருக்குப் பக்கத்தில் ‘பிளாட்டுக்கு அனுப்பு’ என்று இன்னொரு லிங்க் வந்தது.

இரண்டே வாரத்தில் முதல் அறிகுறி தெரிந்தது. ஒரே மார்க்கர் மூன்று முறை அச்சாகியிருந்தது. ஆப்பரேட்டரிடம் கேட்டால், “அமுத்துனேன், ஒண்ணும் ஆகலை, மறுபடி அமுத்துனேனுங்க” என்றார். அவர் மேல் குற்றமே இல்லை. திறக்கும் லிங்க்கை அழுத்தினால் ஒரு ஜன்னல் வரும். இதை அழுத்தினால் திரையில் எதுவும் மாறாது. பிளாட்டர் அடுத்த அறையில் இருந்தது. வேலை நடந்ததா என்று தெரியாத எவரும் திரும்ப அழுத்தத்தான் செய்வார்கள்.

நாங்கள் கொடுத்த மருந்து, ஒரு முறை அழுத்தினால் 5 விநாடிக்கு லிங்க்கை முடக்குவது. தாள் வீணாவது நின்றது. பிரச்சினை முடிந்தது என்று எழுதி வைத்தோம். அறிகுறியை அமுக்கிவிட்டு நோயை விட்டுவிட்டோம் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை

சனிக்கிழமை மாலை, நடந்துகொண்டிருந்த ஒரு ஸ்டைலின் துணி லாட் (ஒரே தடவையில் தயாரான துணித் தொகுதி) மாறியது. புது லாட்டைத் துவைத்துப் பார்த்ததில் நீளச் சுருக்கம் 5 சதவீதம் அல்ல, 7 சதவீதம் என்று வந்தது. எல் சைஸுக்குத் துவைத்த பிறகு உடல் நீளம் 72 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 5 சதவீதத்துக்கு என்றால் 75.8-ல் வெட்ட வேண்டும், 7 சதவீதத்துக்கு 77.4. பேட்டர்ன் மாஸ்டர் ஞாயிறன்றே வந்து பதிப்பு 4-ஐத் தயாரித்துச் சர்வரிலும் முறையாகப் பதிந்துவிட்டுப் போனார். அவர் பங்கில் ஒரு குறையும் இல்லை.

பேட்டர்ன் ரூம் கம்ப்யூட்டரை யாரும் அணைப்பதில்லை. திங்கள் காலை ஆப்பரேட்டர் வந்து உட்கார்ந்தபோது, சனிக்கிழமை திறந்த டேப் அப்படியே இருந்தது. அதில் பதிப்பு 3. ‘பிளாட்டுக்கு அனுப்பு’ என்பதை அழுத்தினார். லிங்க்குக்குள் சனிக்கிழமையின் கோப்பு இடம் உறைந்து கிடந்தது. இடை நிரல் அதைக் கேள்வி கேட்காமல் எடுத்து பிளாட்டர் ஃபோல்டரில் போட்டது.

அந்த மார்க்கரில் எஸ் 1, எம் 2, எல் 2, எக்ஸ்எல் 1 என்று 6 உருப்படி. முதல் மேசையில் தாளின் நீளத்துக்கே துணியை 80 அடுக்காக விரித்து வெட்டி முடித்துவிட்டார்கள். அதுதான் 480.

இரண்டாவது மேசையில் தப்பு பிடிபட்டது, அதுவும் நிரலால் அல்ல. அங்கே விரித்தவர் தாள் வருவதற்கு முன்பே புது அளவுச் சீட்டைப் பார்த்துத் துணியை விரித்து வைத்திருந்தார். தாளை மேலே வைத்தால் 6 சென்டிமீட்டர் துணி மிச்சம். கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டார். அவர் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த வரியைப் படித்து, பதிப்பு 3 என்பதைப் பார்த்து, கத்தியை நிறுத்தச் சொன்னார்.

அன்று மாலை அவரிடம் பேசினேன். “தம்பி, பேப்பர்ல என்ன இருக்குதோ அதத்தான் வெட்டறேன். பேப்பர் சரியா தப்பான்னு நான் எங்க போய் பாக்கறது?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அது இன்னும் மனதில் இருக்கிறது.

துணியைக் காப்பாற்றியது எப்படி என்பதையும் எழுதிவிடுகிறேன். அப்படியே தைத்திருந்தால் துவைத்த பிறகு எல் சைஸ் 72-க்குப் பதில் 70.5-ல் நின்றிருக்கும். அனுமதித்த வித்தியாசம் 1 சென்டிமீட்டர்தான். இந்த ஸ்டைலில் சைஸுக்கு சைஸ் நீளம் 2 சென்டிமீட்டர் மாறும். அதனால் எக்ஸ்எல் துண்டுகளை எல்லாகவும், எல்லை எம்மாகவும், எம்மை எஸ்ஸாகவும் திரும்ப வெட்ட முடிந்தது. எஸ் சைஸில் வெட்டிய 80 உருப்படிகளுக்கு இறங்க இடமில்லை, அவை வேஸ்ட்டுக்குப் போயின. சைஸ் கணக்கு சரியாக வர, இருந்த துணியில் மீதியை வெட்டி, இரண்டு நாள் ஓவர்டைம் பார்த்து ஷிப்மென்ட்டைப் பிடித்தார்கள். கத்தி பிடிப்பவர்களின் கைத்திறமையால்தான் இழப்பு அந்த அளவில் நின்றது.

தேடியபோது கிடைத்தவை

இடை நிரலில் முதல் நாளிலிருந்தே ஒரு பதிவேடு வைத்திருந்தோம். எந்த லிங்க் எத்தனை மணிக்கு வந்தது, எந்தக் கோப்பு போனது என்று ஒவ்வொரு வரியாக இருந்தது. அது இல்லையென்றால் ஆப்பரேட்டர் தப்பாக ஏதோ அழுத்தினார் என்றுதான் முடிந்திருக்கும். காலை 8:52-க்கு வந்த வரியில் பழைய இடம் தெளிவாக இருந்தது. அந்த வரியை மேனேஜரிடம் காட்டி, தப்பு எங்களுடையது என்று சொன்னோம்.

பக்கம் பழசாக இருந்தது ஒரு காரணம். ஆனால் பக்கங்கள் எப்போதும் பழசாகத்தான் இருக்கும். திறந்த அடுத்த நொடியிலிருந்தே அது பழசு. லிங்க்கை ஒரு கட்டளையாக நடத்தியதுதான் ஆழமான பிழை. லிங்க் என்பது ஒன்றைக் காட்டுவதற்கு. வெப் உலகம் இதை முன்பே அனுபவித்திருக்கிறது. பக்கத்தைக் கேட்டு வாங்கும் கெட் முறையில் எதையும் மாற்றக் கூடாது என்று எச்டிடிபி விதிகள் 1990-களிலேயே சொல்லிவிட்டன. 2005-ல் கூகுள் வெப் ஆக்சிலரேட்டர் என்ற நிரல், வேகத்துக்காகப் பக்கத்தில் உள்ள லிங்க்குகளை முன்கூட்டியே திறந்து பார்க்கப் போக, ‘அழி’ என்பதை வெறும் லிங்க்காக வைத்திருந்த தளங்களில் தகவல்கள் அழிந்துபோயின. அதே பாடத்தை நாங்கள் துணியில் படித்தோம்.

பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் நண்பர் இன்னொன்று கேட்டார். “நாம அனுப்பற இடத்துக்குப் பதிலா வேற யாராவது வேற இடத்தை எழுதினா?” என் கம்ப்யூட்டரில் ஒரு சோதனைப் பக்கம் எழுதி, எங்கள் முன்னொட்டுக்குப் பின்னால் விண்டோஸ் கால்குலேட்டரின் இடத்தைப் போட்டேன். அழுத்தினேன். சோதனைப் பக்கம் வேறு தளம் என்பதால் குரோம் கேட்டது. ஆனால் கேட்ட பெட்டியில் இருந்தது எங்கள் இடை நிரலின் பெயர். தினமும் பார்த்துப் பழகிய பெயரை யார் சந்தேகிப்பார்கள்? ‘திற’ என்றேன். கால்குலேட்டர் வந்து நின்றது.

கை நடுங்கிவிட்டது என்றே சொல்ல வேண்டும். இணையத்தில் எங்கோ இருக்கும் ஒரு பக்கம், இரண்டு அழுத்தலில், அந்தக் கம்ப்யூட்டரில் எந்தக் கோப்பையும் ஓட வைக்கும் கதவை நாங்களே பொருத்திக் கொடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இப்படி மாட்டியவர்கள் பெரிய இடத்திலும் உண்டு. 2018 ஜனவரியில், எலக்ட்ரான் என்ற கட்டமைப்பில் எழுதி, விண்டோஸில் தனி முன்னொட்டைப் பதிந்த நிரல்களைப் பாதிக்கும் ஓட்டை வெளியானது. 2022 மே மாதம் வெளிவந்த ஃபோலினா தாக்குதலில், வேர்ட் கோப்பு ஒன்று விண்டோஸின் சொந்தப் பழுதுபார்க்கும் கருவியை அதன் முன்னொட்டு வழியாகவே கூப்பிட்டு, வேண்டிய கட்டளையை ஓட வைத்தது. திருத்தம் வரும்வரை மைக்ரோசாஃப்ட் சொன்ன தற்காலிக வழி, ரெஜிஸ்ட்ரியிலிருந்து அந்த முன்னொட்டின் சாவியையே நீக்கிவிடுவது.

அன்று இரவே எல்லாக் கம்ப்யூட்டரிலும் எங்கள் சாவியை நீக்கினோம். ஒன்பது நாள் அவர்கள் பழையபடி ஃபோல்டரில் தேடினார்கள்.

மாற்றி அமைத்தது

புது வடிவத்தில் லிங்க்குக்குள் ஸ்டைலின் உள் எண் மட்டும்தான். இலக்கங்கள் மட்டுமே, 8-க்கு மேல் போகக் கூடாது. வேறு ஓர் எழுத்து வந்தாலும் இடை நிரல் மறுத்துவிடும். எந்தக் கோப்பு என்பதை அது அந்த நொடியில் சர்வரிடம் கேட்டு வாங்கும். ஆகவே டேப் ஒரு வாரம் பழசாக இருந்தாலும் கிடைப்பது இன்றைய பதிப்பு. சர்வர் சொன்ன கோப்பும் மார்க்கர் ஃபோல்டருக்குள்தான் இருக்கிறதா, மார்க்கர் வகைதானா என்று பார்த்த பிறகே திறக்கும். விண்டோஸிடம் ‘இதைத் திற’ என்று பொதுவாகச் சொல்வதை நிறுத்தி, கேட் நிரலை நேரடியாகப் பெயர் சொல்லியே கூப்பிடுகிறோம். தமிழ் ஃபோல்டர் பெயர்கள் முகவரிக்குள் வருவதே இல்லை என்பதால் கொம்பும் காலும் பிரச்சினை முகவரி அளவில் தீர்ந்தது. கோப்பு முறையில் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

‘பிளாட்டுக்கு அனுப்பு’ லிங்க்கை எடுத்துவிட்டோம். லிங்க்கை அழுத்தினால் இடை நிரலின் ஜன்னல் வரும். அதில் ஸ்டைல் நம்பர், பதிப்பு, தயாரித்த தேதி, மார்க்கர் நீளம், துணி அகலம் எல்லாம் பெரிய எழுத்தில் தெரியும். கடைசியாக அச்சான பதிப்பும் இப்போதைய பதிப்பும் வேறு என்றால் மஞ்சள் பட்டையில் சொல்லும். பிளாட் பொத்தான் அந்த ஜன்னலில்தான் இருக்கிறது. ஏற்கெனவே அச்சான பதிப்பு என்றால் ‘9:10-க்கு ஒரு நகல் போயிருக்கிறது, இன்னொன்று வேண்டுமா?’ என்று கேட்கும். லிங்க்கை எத்தனை முறை அழுத்தினாலும் அதே ஜன்னல்தான் முன்னால் வரும், புதிதாக ஒன்று திறக்காது.

மேனேஜருக்கு ஆரம்பத்தில் இதில் விருப்பமில்லை. ஒரு அழுத்தலில் நடந்தது இப்போது இரண்டு ஆகிறதே என்றார். கட்டிங் மாஸ்டர்தான் பேசினார். “ரெண்டு தடவை அமுத்தட்டுமுங்க. என்ன இப்ப?” பேச்சு அதோடு முடிந்தது.

அவர் கேட்டுக்கொண்டதால் இன்னொன்றும் செய்தோம். தாளின் ஓரத்தில் பொடியாக இருந்த பதிப்பு எண்ணை, தாளின் இரு முனையிலும் உள்ளங்கை அகலத்துக்கு அச்சாகச் செய்தோம். இந்த முழு வேலையிலும் மிகக் குறைந்த நேரம் பிடித்தது அதுதான். மேசையில் நிற்பவர்களுக்கு அதிகம் உதவுவதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

பின்னர்

அடுத்த எட்டு மாதத்தில் பழைய பதிப்பு எதுவும் மேசைக்குப் போகவில்லை. ஒரு முறை மஞ்சள் பட்டையைப் பார்த்து ஆப்பரேட்டர் தாமாகவே நிறுத்தி, பேட்டர்ன் மாஸ்டருக்கு போன் செய்தார். அளவு மாறியது அவருக்கு அதற்கு முன் தெரியாது. பதிவேட்டில் அந்த வரியைப் பார்த்தபோது நிம்மதியாக இருந்தது.

புதுச் சிக்கலும் வந்தது. சர்வரைக் கேட்காமல் எதுவும் நடக்காது என்பதால், கரண்ட் போய் வந்த ஒரு மதியம் சர்வர் எழும்வரை பேட்டர்ன் ரூம் 20 நிமிடம் சும்மா நின்றது. கடைசியாகத் தெரிந்த பதிப்பை நினைவில் வைத்துக் காட்டலாமா என்று பேசினோம். வேண்டாம் என்று முடிவு. நினைவில் வைத்தது என்றால் அதுவும் ஒரு பழைய டேப்தான். சர்வர் இல்லாத நேரத்தில் பேட்டர்ன் மாஸ்டர் கையெழுத்திட்ட சீட்டோடு ஃபோல்டரிலிருந்து திறக்கலாம் என்று நடைமுறை வைத்தார்கள். சர்வருக்குத் தனி யுபிஎஸ் வாங்கினார்கள்.

இன்று தொடங்குவதாக இருந்தால்

நிரல் எழுதும் முன் பேட்டர்ன் ரூமில் ஒரு முழு நாள் உட்கார்ந்திருப்பேன். அந்தக் கம்ப்யூட்டர் அணைக்கப்படுவதே இல்லை, டேப்கள் நாள்கணக்கில் கிடக்கின்றன, பிளாட்டர் அடுத்த அறையில் இருக்கிறது என்ற மூன்றும் அங்கே அரை மணி நேரம் இருந்தாலே கண்ணில் பட்டிருக்கும். நாங்கள் மேனேஜர் அறையிலேயே பேசி முடித்துவிட்டோம்.

கால்குலேட்டர் சோதனையை முதல் வாரமே செய்வேன். ஐந்து நிமிட வேலை அது. முன்னொட்டைப் பதிந்த எவரும் இன்றே செய்து பார்க்கலாம்: உங்கள் பக்கம் அல்லாத வேறொரு பக்கத்திலிருந்து, நீங்கள் எதிர்பார்க்காத எதையாவது லிங்க்கில் போட்டு அழுத்துங்கள். இடைவெளி, மேற்கோள் குறி, மிக நீளமான எண், வேறு ஃபோல்டர் எல்லாவற்றையும் போடுங்கள். பிரவுசர் எல்லாவற்றையும் சதவீதக் குறியாக மாற்றித்தான் அனுப்பும் என்று நம்பிவிடக் கூடாது. லிங்க் பிரவுசர் வழியாக மட்டும்தான் வரும் என்றும் இல்லை. ரெஜிஸ்ட்ரியில் வாதத்தைச் சுற்றி மேற்கோள் குறி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது இல்லையென்றால், இடைவெளி உள்ள முகவரி பல துண்டாக உடைந்து உள்ளே வரும்.

மூன்று தாள் அச்சான அன்றே நின்று யோசித்திருக்க வேண்டும். 5 விநாடி முடக்கம் போட்டதற்குப் பதில், அவர் ஏன் திரும்ப அழுத்தினார் என்று கேட்டிருந்தால் திங்கட்கிழமை வந்திருக்காது. அன்று தயங்கிய நண்பரிடம் இதைச் சொல்லிவிட்டேன்.

இப்போது அதே தொழிற்சாலையின் எம்பிராய்டரி பிரிவிலிருந்து கேட்டிருக்கிறார்கள்: பக்கத்தில் டிசைன் நம்பரை அழுத்தினால் மெஷின் ஓடத் தொடங்க வேண்டுமாம். டிசைன் திரையில் வரும் வரைக்கும் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறோம். ஓட்டுவதற்கு மெஷினில் ஏற்கெனவே ஒரு பச்சைப் பொத்தான் இருக்கிறது.